முதலில் புகைக்கு வழி

பேஸ்மென்றில் அடுப்பு பூட்டக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் என்னை நேரே படியால் கீழே இறக்கத்தான் பார்ப்பார்கள். புதுக் கம்பளம், சோபா, பெரிய ரீவி, அடுப்புக்கென்று ஒதுக்கிவைத்த மூலை எல்லாவற்றையும் காட்டவேண்டும் அவர்களுக்கு. நான் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "முதல் ஒருக்கா வெளியாலை சுத்திப் பாப்பம்" என்பேன். எந்த யன்னல் திறக்கும், எது திறக்காது, ட்ரையரின் குழாய் எங்கே வெளியே வருகிறது, டெக் எந்தச் சுவரை மூடி நிற்கிறது, காற்று எந்தப் பக்கத்தில் பனியைக் கொண்டுவந்து குவிக்கும் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் உள்ளே போவேன். ஒரு வீட்டில் புகை வெளியேறத் தோதான இடம் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் அடுப்பு எங்கே நிற்கவேண்டும் என்பது தானாக முடிவாகிவிடும். சோபாவை நகர்த்தலாம், புகையின் வழியை நகர்த்த முடியாது.

ஒன்ராறியோவில் பீற்றர்பரோ, லின்ட்சே, ஹலிபேர்ட்டன் பக்கம்தான் எனக்கு வேலை. நகரத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் இயற்கை எரிவாயுக் குழாய் நின்றுவிடும். அதற்கு அப்பால் புரொப்பேன், எண்ணெய், சுவரோரத்து மின்சூடாக்கி என்று எதைப் பாவித்தாலும் ஜனவரி மாத பில்லைக் கையில் எடுக்கப் பயமாக இருக்கும். விறகு மலிவுதான். ஆனால் வெட்டிப் பிளந்து அடுக்கி ஒரு கோடை முழுக்கக் காயவிட எல்லாராலும் முடியாது. அவர்களுக்குத்தான் பெலற். மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்த, கால் அங்குலத் தடிப்புள்ள சின்னத் துண்டுகள். 40 இறாத்தல் பையில் வரும், 18 கிலோ. சாதாரண குளிர்நாளில் ஒரு பை போகும். மைனஸ் 25க்கு இறங்கினால் இரண்டாவது பையையும் உடைக்கவேண்டி வரும். ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு, காணி கொஞ்சம் கூட வேண்டும் என்று இந்தப் பக்கம் வந்த எங்கள் ஆட்களும் இப்போது கூப்பிடுகிறார்கள்.

பெலற் அடுப்பு கண்ணாடிக் கதவும் நெருப்புமாகப் பார்வைக்கு விறகடுப்பு மாதிரி இருக்கும். உள்ளே அது ஒரு மின்னியந்திரம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத்தில், போயிங் நிறுவனத்தில் வேலை செய்த ஜெரி விற்ஃபீல்ட் என்ற பொறியியலாளர் வீட்டுக்கான பெலற் அடுப்பை உருவாக்கியபோதே அது அப்படித்தான் இருந்தது. மேலே பெட்டியில் கொட்டும் பெலற்றைத் திருகுதண்டு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி ஒரு சின்ன எரிகிண்ணத்தில் விழுத்தும். ஒரு விசிறி எரிவதற்கான காற்றை இழுத்து, புகையைக் குழாய்க்குள் தள்ளும். இன்னொரு விசிறி அறைக்காற்றைச் சூடாக்கி முன்னால் ஊதும். விறகடுப்பில் உயரமான புகைபோக்கி தானாக இழுக்கிறது. இதில் இழுப்பது மோட்டர். அதனால்தான் மூன்று அங்குலக் குழாயைச் சுவருக்குள்ளால் வெளியே விட்டாலே போதும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். மோட்டர் ஓடும் வரைக்கும் அது உண்மை. மோட்டர் நின்றால் என்ன நடக்கும் என்று யோசிப்பதுதான் என்னுடைய தொழில்.

பேஸ்மென்றில் அந்த யோசனை இரண்டு மடங்கு வேண்டும். மாரியில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலே ஏறி, மேல்மாடி இடுக்குகளாலும் கூரைக்கடியாலும் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். போன காற்றுக்கு ஈடாகக் கீழே, பேஸ்மென்றின் ஒவ்வொரு வெடிப்பாலும் வெளிக்காற்று உள்ளே வரும். அதாவது பேஸ்மென்றின் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிட எப்போதும் கொஞ்சம் குறைவு. வெளியே குளிர் கூடக்கூட இந்த இழுப்பும் கூடும். அதோடு குசினி விசிறி, குளியலறை விசிறி, ட்ரையர் எல்லாம் சேர்ந்து ஓடினால் கேட்கவே வேண்டாம்.

இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, அதனால் காட்டுவேன். தமிழ் வீடு என்றால் வேலை சுகம். சாமி அறையிலிருந்து ஒரு ஊதுபத்தி வாங்கிக்கொள்வேன். பேஸ்மென்ற் யன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்து, ஊதுபத்தியை அந்த இடுக்குக்கு முன்னால் பிடிப்பேன். நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை நூல் வளைந்து, படுத்து, அறைக்குள் ஓடி வரும். பிறகு வீட்டுக்கார அம்மாவை மேலே குசினி விசிறியைப் போடச் சொல்லுவேன். புகை நூல் அறுந்து அப்படியே கலைந்துவிடும். கையில் குளிர் வந்து அடிக்கும். "இந்த யன்னலுக்குப் பதிலா அடுப்பின்ரை குழாய் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கரண்ட் நின்று விசிறி ஓய்ந்தால், வெளியே போகவேண்டிய புகைக்கு உள்ளே வரத்தான் சுகமான வழி.

இதற்கு மருந்து உயரம். குழாய் சுவரைத் துளைத்து நேரே வெளியே போகாமல், மூன்று முதல் ஐந்து அடியாவது நிமிர்ந்து ஏறவேண்டும். ஏறும் குழாயில் நிற்கும் சூடான புகை தன் பாட்டில் மேலே இழுக்கும். அந்த இழுப்பு வீட்டின் இழுப்பை வெல்லவேண்டும். லின்ட்சேக்கு வெளியே ஒரு வீட்டுக்காரத் தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணை, பின்னாலை நேரா ஒரு ஓட்டை போட்டாக் காணும்தானே? யூரியூப்பிலை எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்." நான் சொன்னேன்: "தம்பி, அவையின்ரை வீட்டிலை பின்னாலை இருக்கிறது காத்து. உங்கடை வீட்டிலை பின்னாலை இருக்கிறது மண்." பேஸ்மென்றில் இது ஒருவகையில் நல்லது. நிலமட்டத்துக்கு மேலே வர எப்படியும் குழாய் நிமிர்ந்தே ஆகவேண்டும்.

உயரம் கொடுத்தால் வளைவு வரும். வளைவு விசிறிக்குப் பாரம். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 90 பாகை எல்போ ஒன்றுக்கும் ரீ-இணைப்பு ஒன்றுக்கும் ஐந்து அடி. 45 பாகை வளைவுக்கு மூன்று அடி. கிடையாகப் போகும் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. நிமிர்ந்து ஏறும் ஒவ்வொரு அடிக்கும் அரை. அடுப்பின் பின்னால் சாம்பல் எடுக்கும் மூடியோடு ஒரு ரீ, அதற்கு மேல் ஐந்து அடி ஏற்றம், ஒரு எல்போ, சுவருக்குள்ளால் இரண்டு அடி: 5, 2½, 5, 2. கூட்டினால் 14½. 15 அடிக்குள் இருந்தால் மூன்று அங்குலக் குழாய் போதும். வெளியே வந்த இடத்தில் பனி குவியும் என்று இன்னொரு ரீ போட்டு மூன்று அடி உயர்த்தினால் 21 ஆகிவிடும். அப்போது தொடக்கத்திலிருந்தே நாலு அங்குலக் குழாய் வேண்டும். ஒரு வளைவைக் குறைப்பதற்காக அடுப்பை இரண்டடி தள்ளிவைக்க நான் வீட்டுக்காரரோடு ஒரு மணித்தியாலம் வாதாடியிருக்கிறேன்.

எந்த உயரத்தில் துளைப்பது என்பதுதான் அடுத்த தலையிடி. கொங்கிறீற் சுவர் நிலத்துக்கு மேலே அரையடி, முக்காலடிதான் எழும்பி நிற்கும். புகை வெளியேறும் வாய் நிலத்திலிருந்து குறைந்தது ஓரடி உயரத்தில் இருக்கவேண்டும்; அதுவும் பனி இல்லாத ஊருக்கான கணக்கு. ஹலிபேர்ட்டன் பக்கத்தில் ஓரடி பனி ஒரே இரவில் விழும். கொங்கிறீற்றுக்கு மேலே இருப்பது தளத்தைச் சுற்றி ஓடும் விளிம்பு மரம். சுவர் முழுக்க அதன் மேலேதான் நிற்கிறது. எல்லாரும் அங்கே துளைக்கத்தான் சொல்வார்கள், மரம் இலேசு என்று. மூன்று அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 3½ அங்குலம். பழைய வகைக் குழாய்க்கு எரியக்கூடிய பொருளிலிருந்து சுற்றிவர 3 அங்குல இடைவெளி வேண்டும். மொத்தம் 9½. 'இரண்டுக்குப் பத்து' என்று நாங்கள் கூப்பிடும் அந்த மரத்தின் உண்மையான உயரம் 9¼. அதாவது துளை மரத்தைவிடப் பெரிது! ஓரங்குல இடைவெளி போதும் என்று பரிசோதிக்கப்பட்ட குழாய்கள் வந்த பிறகுதான் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அப்போதும் மேலே யன்னலின் பாரத்தைத் தாங்கும் பலகை நிற்கிறதா என்று பார்க்காமல் வாளை எடுக்கமாட்டேன். திறக்கும் யன்னலுக்குக் கீழேயும் பக்கத்திலேயும் நாலு அடி விலகவேண்டும் என்ற விதி வேறு இருக்கிறது. பல வீடுகளில் இந்தக் கணக்கெல்லாம் முடிய மிஞ்சுவது கொங்கிறீற்றைத் துளைத்து வெளியே போய், அங்கே நிமிர்ந்து ஏறுவதுதான்.

கொங்கிறீற் துளைக்கும் நாளில் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பிவிடுவது நல்லது. வேலை முடித்த பேஸ்மென்ற் என்பதால் முதலில் ட்ரைவோலை வெட்டி, அதன் பின்னாலிருக்கும் பஞ்சையும் பிளாஸ்ரிக் தாளையும் விலக்கி, மரச்சட்டத்துக்குள் குழாய்க்கு இடைவெளி விட்டு ஒரு பெட்டி அடிக்கவேண்டும். பிறகு கம்பளத்துக்கு மேலே பிளாஸ்ரிக் விரித்து, வைரப்பல் வைத்த உருளை வாளைச் சுவரில் பொருத்தித் தண்ணீர் விட்டுத் துளைப்போம். சாம்பல் நிறக் குழம்பு வழிந்துகொண்டே இருக்கும். ஒருவர் துளைக்க மற்றவர் உறிஞ்சியைப் பிடித்தபடி நிற்பார். எட்டு அங்குலச் சுவர். கடைசி அங்குலத்தில் சத்தம் மாறும். அடைத்த குரல் திறந்தது போல ஆகும். உடனே கையைத் தளர்த்தவேண்டும். துண்டு வெளியே விழுந்தால் வீட்டுக்காரரின் பூமரம் போய்விடும். ஒன்பது கிலோவுக்குக் குறையாத, வழுவழுப்பான கொங்கிறீற் உருளை அது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். துளைத்ததைவிடக் கவனம் திருப்பி மூடுவதில் வேண்டும். கிழித்த பிளாஸ்ரிக் தாளை, குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் அதைச் சுற்றிப் பொருத்தும் சுவர்க்கூட்டின் தகட்டோடு காற்றுப்புகாமல் ஒட்டாவிட்டால், அறையின் ஈரக்காற்று குளிர்ச் சுவரில் பட்டு, அடுத்த வருஷம் ட்ரைவோலில் பூஞ்சணம் கறுப்பாகத் தெரியும்.

குழாய்க்கு வருகிறேன். விறகடுப்பின் குழாயில் ஒரு நுண்ணிய ஓட்டை இருந்தால் அறைக்காற்று அதற்குள்ளே போகும். பெலற் குழாயில் விசிறி தள்ளுவதால் புகை வெளியே வரும். ஆகவே ஒவ்வொரு பொருத்தும் உயர் வெப்பம் தாங்கும் சிலிக்கனால் அடைபடவேண்டும். உள்ளே துருவேறா எஃகு, வெளியே நாகம் பூசிய தகடு, இடையில் காற்று என்று இரட்டைச் சுவர்க் குழாய் இதற்கென்றே இருக்கிறது. அது விலை என்பதால் காஸ் அடுப்புக்கான, உள்ளே அலுமினியம் வைத்த குழாயைச் சுவருக்குள் ஒளித்து வைத்திருந்ததைப் பிரித்து எடுத்திருக்கிறேன். ட்ரையர் குழாயையும் எடுத்திருக்கிறேன். முதன்முறை பற்றவைக்கும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு ரோச் லைற்றை ஒவ்வொரு பொருத்தோரமும் பிடித்துப் பார்ப்பேன். கசிந்தால் வெளிச்சத்துக்குள் மெல்லிய நீலமாகத் தெரியும். புதுப் பெயின்ற் சூடாகிற மணமும் அப்போது வரும். அதைக் கசிவு என்று நினைத்துப் பதறுபவர்கள் உண்டு. பெயின்ற் மணம் அடுப்பின் உடலிலிருந்து வரும், இரண்டு மூன்று முறை எரித்ததும் போய்விடும். கசிவு பொருத்திலிருந்து வரும், போகாது.

கதவின் கயிற்றுப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தாளை வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பது பழைய முறை. ஒரு டொலர் நோட்டை வைப்பார்கள். 2011இலிருந்து கனடா நோட்டுகள் பிளாஸ்ரிக். சூடான அடுப்பில் வைத்தால் இருபது டொலர் உருகிவிடும் என்பதால் நான் பழைய பில்லைக் கிழித்து வைத்துக்கொள்கிறேன்.

அடுப்புக்குள் இழுப்புக் குறைந்தால் திருகுதண்டை நிறுத்திவிடும் ஒரு சின்ன ஆளி இருக்கிறது. புகைவழி அடைபட்டாலோ கதவு சரியாகப் பூட்டாவிட்டாலோ பெலற் விழுவது நின்று நெருப்பு அணையும். ஒரு வீட்டில் அடுப்பு அடிக்கடி நிற்கிறது என்று முன்பு யாரோ வந்து அந்த ஆளியின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டிருந்தார். அடுப்பு பிறகு நிற்கவே இல்லை, கண்ணாடி மட்டும் ஒவ்வொரு நாளும் கறுத்தது. உண்மையான காரணம், கிடைக்குழாயில் பாதிவரை படிந்து கிடந்த சாம்பல். பெலற் சாம்பல் மாவைப்போல இலேசானது. கிடையாக ஓடும் இடத்தில் படுத்துவிடும். நெருப்பைப் பார்த்தே இதைச் சொல்லலாம். காற்றுச் சரியாக இருந்தால் சுவாலை மஞ்சள் வெள்ளையாகத் துடிதுடிப்பாக நிற்கும். காற்றுக் குறைந்தால் செம்மஞ்சளாகச் சோம்பி, நுனியில் கறுத்து ஆடும்.

வெளியிலிருந்து எரிகாற்றைக் கொண்டுவரும் குழாயைச் சிலர் வீண்செலவு என்பார்கள். பேஸ்மென்றில் அது இல்லாமல் நான் வேலை எடுப்பதில்லை. ஏற்கெனவே காற்றுக்கு ஏங்கும் அறையிலிருந்து அடுப்பும் இழுத்தால், அந்த ஈடு மண்ணுக்குள்ளாலும் வரும். மண்ணோடு ரேடனும் வரும். வீட்டுக்குள் ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரலுக்கு மேல் இருந்தால் குறைக்கச் சொல்கிறது கனடா சுகாதாரத் திணைக்களம். இந்தக் குழாய் உலோகமாக இருக்கவேண்டும். எலி புகாமல் வலை வேண்டும். இதன் வாய் புகை வெளியேறும் வாயைவிடத் தாழ்வாக இருப்பது முக்கியம். மேலே இருந்தால் விசிறி நின்றதும் இதுவே புகைபோக்கியாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு சோதனை செய்வேன். அடுப்பு உச்சத்தில் எரிய, மேலே எல்லா விசிறியையும் ட்ரையரையும் ஓடவிட்டு, சுவரிலிருந்து வயரைக் கழற்றுவேன். அடுப்பை நிறுத்த ஒருபோதும் வயரைக் கழற்றாதீர்கள் என்று கைநூலில் இருக்கிறது, சரியானதுதான். நான் கழற்றுவது கரண்ட் நிற்கும் இரவு எப்படி இருக்கும் என்று நான் அங்கே நிற்கும்போதே பார்த்துவிட. விசிறிச் சத்தம் ஓய்ந்து அறை திடீரென்று அமைதியாகும். கிண்ணத்தில் கிடக்கும் பெலற் மட்டும் எரிந்து முடியும், புதிது விழாது. உயரம் சரியாக இருந்தால் கண்ணாடிக்குப் பின்னால் புகை சுழன்று, தயங்கி, பிறகு பின்பக்கம் இறங்கிக் குழாயைத் தேடிப் போகும். அறைக்குள் வந்தால் வேலை முடியவில்லை. 2025 மார்ச் கடைசியில் பனிக்கட்டிப் புயல் பீற்றர்பரோ, ஒரிலியா பகுதிகளில் மின்கம்பிகளை அறுத்துப் போட்டபோது பல வீடுகளில் நாட்கணக்காகக் கரண்ட் இல்லை. இது எப்போதோ நடக்கும் சங்கதி என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

கார்பன் மொனொக்சைட் அலாரத்தையும் அன்றே மாட்டிவிடுவேன். 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக் நகரில் காஸ் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நாலு பேர் இறந்தார்கள். வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அவர்கள் பெயரில்தான் ஒன்ராறியோவின் ஹோக்கின்ஸ்-ஜினியாக் சட்டம் 2013இல் நிறைவேறியது. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் இருக்கவேண்டும் என்பது இப்போது கட்டாயம். அடுப்பு பூட்ட நகரசபை அனுமதியும் வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள், விறகு, பெலற் அடுப்பு வேலைக்கான வெற் (WETT) சான்றிதழ் உள்ளவரின் அறிக்கையைக் கேட்பார்கள். அனுமதி எடுத்தால் வரி கூடும் என்ற கதையை நம்பி இரகசியமாகப் பூட்டுகிறவர்கள், நெருப்புப் பிடித்தால் வீட்டின் விலையையே பணயம் வைக்கிறார்கள்.

மறுத்த வேலைகளும் உண்டு. எங்கள் ஆட்களில் பலர் பேஸ்மென்றை வாடகைக்கு விடுகிறவர்கள். ஒரே அறையில் கட்டிலும் சமையலும் அடுப்புமாக வைக்கக் கேட்பார்கள், குடியிருப்பவரின் மின்கணக்கைக் குறைக்க. படுக்கிற அறையில் வைக்காதே என்று கைநூல் சொல்கிறது. சாம்பல் அள்ளுவது யார், வீட்டுக்காரரா குடியிருப்பவரா என்பதற்கும் பதில் இருக்காது. இன்னும் சிலர் கீழே அடுப்பு வைத்தால் மேல்மாடி முழுக்கச் சூடாகும் என்று எதிர்பார்க்கிறார்கள். கீழே 26 பாகையில் வியர்க்கும், மேல் படுக்கையறையில் கம்பளி தேவைப்படும். சூடு ஏறும் வழி படிக்கட்டு ஒன்றுதான். அடுப்புக்குப் பக்கத்தில் ஃபேர்னஸின் காற்றிழுக்கும் வாயைத் திறந்துவிட்டால் சூடு மேலே போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பத்தடிக்குள் இருந்தால் சூட்டோடு புகையையும் இழுக்கும்.

என் விலைப்பட்டியலில் அடுப்பும் குழாயும் தனித்தனிப் பக்கம். குழாய்ப் பக்கம் சில வேளை அடுப்பு விலையின் பாதியைத் தொடும். அதைப் பார்த்ததும் முகம் சுருங்கும். "அண்ணை, இதிலை கொஞ்சம் குறைக்கேலாதோ?" என்று கேட்காதவர் அரிது. குறைக்கலாம் என்றுதான் சொல்வேன். கண்ணாடிக்குக் கீழே பித்தளை விளிம்பு வைத்த மொடலை விட்டு சாதாரண மொடலை எடுக்கலாம், தூரத்திலிருந்து இயக்கும் தேர்மோஸ்ரற்றை விடலாம், அடுப்பையே ஒரு சைஸ் சின்னதாக்கலாம். பேஸ்மென்றுக்கு அனேகமாகச் சின்னதே காணும். ஒரு தொன் எரித்ததும் ரீயின் மூடியைத் திறந்து சாம்பலைத் தட்ட நானே பழக்கிவிடுகிறேன், அந்தச் செலவும் மிச்சம். குழாய்ப் பக்கத்தில் மட்டும் ஒரு சதமும் குறைக்கமாட்டேன். அதற்குச் சம்மதிக்காதவருக்கு வேறு ஆள் கிடைப்பார்.